ஊருக்கு வெளியே திரியும் நாய்களுக்கு யார் பொறுப்பு?

– சோலாப்பூரிலிருந்து நமது பகுதி நேர நிருபர் –

தெருநாய் விவகாரம் சுப்ரீம் கோர்ட்டு வரை போய், நாடெங்கும் பேச்சாகி விட்டது. டெல்லியில் ஒரு குழந்தை வெறிநாய்க்கடியால் இறந்ததாக வந்த பத்திரிகைச் செய்தியைப் பார்த்து, 2025-ம் ஆண்டு ஜூலை 28-ந் தேதி கோர்ட்டு தானாகவே வழக்கை எடுத்துக் கொண்டது. ஆகஸ்டு 11-ந் தேதி 2 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச், டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள எல்லாத் தெருநாய்களையும் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கும்படி உத்தரவிட்டது. ஆகஸ்டு 22-ந் தேதி 3 நீதிபதிகள் கொண்ட பெஞ்ச் அதை மாற்றியது. கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டு விடலாம். வெறிநோய் கண்டவற்றையும், கடிக்கிற சுபாவம் உள்ளவற்றையும் மட்டும் விடக்கூடாது என்றது. வழக்கும் எல்லா மாநிலங்களுக்கும் விரிந்தது. நவம்பர் 7-ந் தேதி இன்னோர் உத்தரவு வந்தது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, விளையாட்டு அரங்கம், பஸ் நிலையம், ரெயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களை மீண்டும் அங்கே விடக்கூடாது, வேலி போட வேண்டும் என்பது அதன் சாரம்.

மூன்று உத்தரவுகளையும் படித்துப் பார்த்தால் ஒரு விஷயம் புலப்படும். எல்லாம் டெல்லி, மும்பை போன்ற நகரத் தெருக்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. தெரு, அதில் குடியிருப்போர் சங்கம், சோறு போடும் அம்மாள், அதை ஆட்சேபிக்கும் பக்கத்து வீட்டுக்காரர், முனிசிபாலிட்டி வண்டி என்று எல்லாம் இருக்கிற உலகம் அது. நாய் இருக்கிறது, ஆனால் மேற்சொன்ன எதுவுமே இல்லை என்கிற ஊர்கள் இந்த நாட்டில் ஏராளம். அங்கே என்ன செய்வது என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மும்பையிலிருந்து சென்னை போகும் ரெயிலில் ஏறும் நம்மவர்களுக்கு இந்தப் பகுதி ஜன்னல் வழியாகவாவது பழக்கம். தவுண்டு ஜங்ஷனைத் தாண்டினால் ஜேவூர், கேம், குர்துவாடி, மாடா, மோஹோள் என்று வரிசையாக வரும். கரும்பு இருக்கிற இடம் பச்சை. மற்றதெல்லாம் பழுப்பு நிறப் புல்வெளி. மழை குறைந்த ஜில்லா. ஊருக்கும் ஊருக்கும் நடுவே மைல் கணக்கில் வெட்டவெளி. அந்த வெட்டவெளியில் திரியும் நாய்கள் யாருடையவை என்று கேட்டால், ஊரார் கைவிரிப்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்து விட வேண்டும். காட்டு நாய் என்றவுடன் செந்நாயை நினைக்கக் கூடாது. செந்நாய் பிறவியிலேயே காட்டு மிருகம். சட்டத்தின் பாதுகாப்பு உள்ளது. நான் சொல்வது சாதாரண நாட்டு நாய். மனிதர் கையில் வளர்ந்த இனம், கைவிடப்பட்டு, இரண்டு மூன்று தலைமுறையாக மனிதர் கை படாமல் வளர்ந்தது. ஊர் நாய்க்கும் இதற்கும் நடுவே கோடு போட முடியாது. பகலில் டீக்கடை வாசலில் படுத்திருப்பதே ராத்திரியில் கூட்டத்தோடு ஆட்டுப் பட்டிக்குப் போகும். ஆட்டிடையர் வளர்க்கும் காவல் நாய்க்குப் பிறந்த குட்டிகளில் வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுப் போவார்கள். கரும்பு வெட்ட மாட்டு வண்டி கட்டி வரும் கூலிக் குடும்பங்களோடு வருகிற நாய்களில் சில, சீசன் முடிந்து குடிசை பிரித்த பிறகும் இங்கேயே தங்கி விடும்.

எத்தனை நாய்கள்?

2019-ம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் 1 கோடியே 53 லட்சம் தெருநாய்கள். 2012-ல் 1 கோடியே 71 லட்சமாக இருந்தது. மராட்டிய மாநிலத்தில் மட்டும் 12 லட்சத்து 76 ஆயிரம். இந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. வீடு வீடாகப் போய் மாடு, எருமை, ஆடு எண்ணுகிறவர், வீடே இல்லாத நாயை எங்கே நின்று எண்ணுவார்? அந்தி நேரத்தில் ஊரைச் சுற்றி ஒரு சைக்கிள் ரவுண்டு போகிறவனுக்குத் தெரியும், பகலில் கண்ட நாய் வேறு, இருட்டில் வருகிற நாய் வேறு என்பது.

நாய் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது இரக்கமோ கொடுமையோ அல்ல, தீனி. இந்தத் தீனி எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்த்தால் பாதி விஷயம் விளங்கி விடும்.

ஒரு காலத்தில் செத்த மாட்டை ஊர் எல்லையில் போட்டால் ஒரே நாளில் எலும்புதான் மிஞ்சும். கழுகுக் கூட்டம் இறங்கித் தின்று விடும். 1990-களில் அந்தக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. மாட்டுக்கு வலி மருந்தாகப் போட்ட டைக்ளோஃபினாக், இறந்த மாட்டின் சதை வழியாகக் கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்தது என்று பிறகு தெரிந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. ஆனால் கழுகு திரும்பவில்லை. அதன் பந்தியில் நாய் உட்கார்ந்து கொண்டது. 1992 முதல் 2006 வரை கழுகு அழிந்ததால் பெருகிய நாய்கள் 55 லட்சம் இருக்கும், அதனால் கூடுதலாக நேர்ந்த வெறிநோய் மரணங்கள் 47 ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று 2008-ல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. ராஜஸ்தானில் பிகானீர் பக்கம் ஜோர்பீரில் செத்த கால்நடைகளைப் போடும் திடலில் கழுகும் நாயும் ஒரே பிணத்துக்கு மல்லுக்கட்டுவதைப் படம் பிடிக்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள்.

இங்கே அதற்கு மேல் கோழிப் பண்ணை. பண்ணையில் தினம் சில கோழிகள் சாகும். குழி தோண்டிப் புதைப்பதுதான் முறை. பலர் சாக்கில் கட்டி ஓடைக்கரையில் வீசுகிறார்கள். கல்யாண மண்டபம், தாபா, ரோட்டோர இறைச்சிக் கடை எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். சின்ன ரெயில் நிலையங்களையும் விட்டு விட முடியாது. வண்டி நிற்கிற நேரம் நாய்க்கு அத்துப்படி. பயணிகள் வீசும் பூரியும் சோறும்தான் அதற்குச் சம்பளம். அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்பதை எடுத்து விட்டால், ஒரு மாதத்துக்குள் அதே நாய்கள் பக்கத்துக் கிராமத்தில் கோழி பிடிக்க ஆரம்பிக்கும். இதை நான் என் வேலையிலேயே பார்த்திருக்கிறேன்.

நவம்பர் உத்தரவில் ரெயில் நிலையத்துக்கு வேலி போடச் சொல்லியிருப்பது நல்லதுதான். பெரிய ஜங்ஷன்களில் முடியும். ஆனால் இரண்டு பக்கமும் வயல், நடுவில் ஒரு பிளாட்பாரம், ஒரு டிக்கெட் அறை என்றிருக்கும் வழியோர ஸ்டேஷனில் எங்கே ஆரம்பித்து எங்கே முடிப்பது? வேலி போட்டாலும் தண்டவாளம் திறந்துதானே இருக்கிறது!

நஷ்டம் யாருக்கு?

முதல் நஷ்டம் ஆட்டுக்காரனுக்கு. தன்கர் என்னும் இடையர் குடும்பங்களுக்கு ஆடுதான் பாங்குக் கணக்கு. நாய்க் கூட்டம் பட்டியில் புகுந்தால் ஒன்றைத் தின்னும், ஐந்தைக் கடித்துப் போடும். ஓநாயோ சிறுத்தையோ அடித்தது என்றால் வனத்துறையில் மனுக் கொடுத்து நஷ்ட ஈடு கேட்கலாம். நாய் காட்டு விலங்கு ஆகாதே! அதனால் இடையர்கள் பலர் நாய் கடித்ததையும் ஓநாய் தலையில் கட்டி விடுகிறார்கள். ஓநாய்க்கு வீண் பழி. கணக்கும் பொய்த்துப் போகிறது. இமாசலப் பிரதேசத்தில் ஸ்பிதி பள்ளத்தாக்கில் ஆராய்ச்சியாளர்கள் விசாரித்தபோது, பனிச்சிறுத்தை பெயர் பெற்ற அந்த இடத்திலும் செம்மறி, வெள்ளாடுகளைக் கொல்வதில் நாய்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்று கண்டார்கள்.

இரண்டாவது நஷ்டம் காட்டு ஜீவன்களுக்கு. சோலாப்பூருக்கு வடக்கே நான்னஜில் 1979-ல் அமைந்த கானமயில் சரணாலயம் இருக்கிறது. இன்று அங்கே ஒரு கானமயில் கண்ணில் பட்டாலே செய்தி. தரையில் முட்டையிடும் பறவை. நாய் மோப்பம் பிடித்தால் முட்டை தப்பாது. ஜெய்சல்மேர் பாலைவனப் பூங்காவிலும் இதே புகார். நான்னஜ் பகுதி நாய்களின் ரத்தத்தைப் பரிசோதித்த ஆராய்ச்சியாளர்கள், பெரும்பாலான நாய்களுக்கு டிஸ்டெம்பரும் பார்வோவும் ஏதோ ஒரு சமயம் தொற்றியிருப்பதைக் கண்டார்கள். அந்த நோய்கள் அங்குள்ள குள்ளநரிக்கும் போகும். டிஸ்டெம்பர் என்ன செய்யும் என்பதற்கு கீர் காடு சாட்சி. 2018 செப்டம்பர், அக்டோபரில் அங்கே 23 சிங்கங்கள் இறந்தன. டிஸ்டெம்பர் வைரஸ் இருந்தது பரிசோதனையில் உறுதியானது. புனே அருகே ஓநாய்க்கும் நாய்க்கும் பிறந்த கலப்பு உண்டு என்று 2023-ல் மரபணுச் சோதனையில் நிரூபணமாகி விட்டது. ஓநாய் என்ற இனமே மெல்ல மெல்ல நாயாகிக் கரைந்து விடுமோ என்பது நிபுணர்களின் கவலை.

மூன்றாவது மனித உயிர். 2024-ம் ஆண்டில் நாடு முழுவதும் பதிவான நாய்க்கடி 37 லட்சத்து 17 ஆயிரம். மராட்டியத்தில் மட்டும் சுமார் 4 லட்சத்து 85 ஆயிரம். அதே ஆண்டில் வெறிநோயால் இறந்ததாகச் சந்தேகிக்கப்பட்டவர்கள் 54 பேர் என்று மத்திய சர்க்கார் கணக்குச் சொல்கிறது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் விஞ்ஞானிகள் வீடு வீடாக விசாரித்து எழுதிய ஆய்வு, ஆண்டுக்கு சுமார் 5,700 பேர் இறக்கிறார்கள் என்கிறது. 54 எங்கே, 5,700 எங்கே!

இந்த வித்தியாசம் எப்படி வருகிறது என்பதை ஊரில் இருப்பவன் சுலபமாகச் சொல்லி விடுவான். நாய் கடிக்கிறது. உடனே நாலு பேர் கூடி அந்த நாயை அடித்துக் கொன்று ஓடையில் எறிகிறார்கள். அதன் மூளையைப் பரிசோதனைக்கு அனுப்புவது யார்? கடித்த நாய் 10 நாள் உயிரோடு இருந்தால் பயமில்லை என்பது டாக்டர்கள் கணக்கு. நாயே இல்லை என்றால் எதை வைத்துப் பார்ப்பது? கடிபட்ட குழந்தைக்கு மிளகாய்ப் பொடியோ சுண்ணாம்போ வைத்துக் கட்டுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதல் ஊசி கிடைக்கும். ஆழமான காயத்துக்கு ஊசியோடு சேர்த்துக் காயத்தைச் சுற்றிப் போட வேண்டிய இம்யூனோகுளோபுலின் மருந்துக்கு ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வார்கள். போக வர ஒரு நாள் கூலி போகும். முதல் ஊசியோடு நிறுத்தியவர்கள், மூன்றாவதோடு நிறுத்தியவர்கள் உண்டு. இரண்டு மாதம் கழித்துத் தண்ணீரைக் கண்டு அலறும்போது ஆஸ்பத்திரியில் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி விடுவார்கள். வீட்டில் நடந்த சாவு எந்த ரிஜிஸ்டரில் ஏறும்?

கடிபட்டதும் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிஷம் கழுவ வேண்டும். அந்த ஒரு காரியத்துக்கே வைரஸில் பெரும் பகுதி போய் விடும் என்கிறார்கள் டாக்டர்கள். தையல் போடக் கூடாது. கையில் போடும் ஊசி என்றால் முதல் நாள், 3, 7, 14, 28-ம் நாள் என்று ஐந்து. இதைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் பெயிண்டில் எழுதி வைக்க எத்தனை செலவாகும்?

வைத்தியம் பார்ப்பது சாத்தியமா?

இவ்வளவு தொல்லை தரும் நாய்க்கு வைத்தியம் வேறா என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கும் ஊர்க்காரர்கள் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். இதில் கொஞ்சம் நிதானமாக யோசிக்க வேண்டியிருக்கிறது.

நகரத்து நாயைப் பிடிக்கலாம். பிஸ்கட்டுக்கு வரும். வெட்டவெளி நாய் 50 கஜத்துக்குள் மனிதனை நெருங்க விடாது. அதைப் பிடித்துத் தடுப்பூசி போடுவது, கருத்தடை செய்வது எல்லாம் ஏட்டுச் சுரைக்காய். ஆனால் நோயோ காயமோ வந்து ஒடுங்கிப் போன நாய் ஊர் ஓரத்தில் வந்து படுக்கும். அப்போதுதான் அது கைக்கு எட்டும். அந்தச் சமயத்தில் அதற்கு வைத்தியம் பார்த்து, அதோடு தடுப்பூசியும் போட்டு, முடிந்தால் கருத்தடையும் செய்து விட்டால், ஒரு கல்லில் மூன்று மாங்காய். கூட்டத்தில் மற்ற நாய்களும் அந்த இடத்தில் பழக ஆரம்பிக்கும். இரக்கத்துக்காக மட்டும் நான் இதைச் சொல்லவில்லை.

எந்தெந்த நோய்க்கு வெட்டவெளியில் வைத்தியம் நடக்கும், எதற்கு நடக்காது என்பதையும் பார்க்கலாம்.

முடி கொட்டித் தோல் கருத்துப் போகும் சொறிக்கு வைத்தியம் சுலபம். ஐவர்மெக்டின் போன்ற மருந்தை டாக்டர் சொன்ன அளவில் ரொட்டிக்குள் வைத்துக் கொடுக்கலாம். நாயைத் தொடவே வேண்டாம். ஒரே மாத்திரையில் மூன்று மாதம் வேலை செய்யும் ஃபுளூராலனர் வந்திருக்கிறது. விலைதான் கையைக் கடிக்கும். புழு வைத்த புண் அடுத்தது. மழைக்காலத்தில் காதிலும் கழுத்திலும் புழு நெளியும். சிலர் பினாயிலை ஊற்றி விடுகிறார்கள். அது சதையை எரித்து நாயைக் கொல்லும். டர்பன்டைனில் நனைத்த பஞ்சு வைத்துப் புழுவை வெளியேற்றி, மாட்டுப் புண்ணுக்கு அடிக்கும் ஸ்பிரே அடித்தால் ஒரு வாரத்தில் ஆறும். ஆட்டுக்காரர்களுக்கே இது தெரியும். ஆட்டுக்குச் செய்கிறார்கள், நாய்க்குச் செய்வதில்லை.

உறவின்போது ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தொற்றும் புற்றுக்கட்டி நாட்டு நாய்களிடம் சர்வ சாதாரணம். ரத்தம் சொட்டச் சொட்டத் திரியும். பார்க்கச் சகிக்காது. ஆனால் புற்று என்று பயப்பட வேண்டாம். வின்கிரிஸ்டின் மருந்தை வாரம் ஒரு தடவை நரம்பில் ஏற்றினால் நாலைந்து வாரத்தில் பெரும்பாலும் முழுக்கக் குணமாகி விடும். சிக்கல் மருந்தில் இல்லை. அதே நாயை ஐந்து வாரமும் பிடிப்பதில் இருக்கிறது. எங்கள் பக்கத்துச் சிறு ஸ்டேஷன் ஒன்றில் பாயிண்ட்ஸ்மேன் ஒருவர் இதைச் செய்து காட்டினார். தினம் ஒரே நேரத்தில், ஒரே கொட்டகையில் ஒரு பெட்டை நாய்க்கு ரொட்டி வைத்தார். இருபது நாளில் அது கொட்டகைக்குள் வந்தது. ஒரு நாள் கதவைச் சாத்தினார். கால்நடை டாக்டர் ஒருவர் தம் லீவு நாளில் பாசஞ்சர் வண்டியில் வந்து ஊசி போட்டுப் போனார், ஐந்து ஞாயிற்றுக்கிழமை. இப்படி ஒரு டாக்டரும் ஒரு பாயிண்ட்ஸ்மேனும் ஒரே இடத்தில் அமைவது அபூர்வம். தாலுகா கால்நடை ஆஸ்பத்திரியில் கேட்டபோது, சொந்தக்காரர் இல்லாத பிராணிக்குக் கேஸ் பேப்பர் எழுத வழி இல்லை என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

வைத்தியம் இல்லாதது டிஸ்டெம்பர். மூக்கு ஒழுகி, கண்ணில் பீளை கட்டி, பிறகு தலையும் காலும் வெட்டி வெட்டி இழுக்கும். ஊரார் இதை வெறி என்று நினைத்து அடித்துக் கொல்வார்கள். இதற்கு நேர் மாறானதுதான் ஆபத்து. வெறிநோயில் ஊமை வெறி என்று ஒரு வகை உண்டு. நாய் குரைக்காது, கடிக்க ஓடி வராது. தாடை தொங்கி, எச்சில் வழிந்து, தொண்டையில் எலும்பு சிக்கியது போல் நிற்கும். நல்ல மனது உள்ளவர் யாராவது வாயைப் பிளந்து எலும்பைத் தேடிக் கையை விடுவார். அதோடு தீர்ந்தது. தாடை தொங்கிய நாயை யாரும் தொடக் கூடாது. நாய் வைத்தியத்தில் இறங்குகிறவர்கள், கடிபடும் முன்பே 3 தவணை தடுப்பூசி போட்டுக் கொண்டுதான் இறங்க வேண்டும். இதைச் சொல்லாமல் ‘வாயில்லா ஜீவனுக்கு உதவுங்கள்’ என்று மட்டும் பிரசாரம் செய்வது பொறுப்பான காரியம் அல்ல.

தண்டவாளத்தில் கால் வெட்டுப்பட்ட நாய் இன்னொரு வகை. ஒரு கால் போனால் பிழைத்து மூன்று காலில் ஓடும். பின்னங்கால் இரண்டும் போய், முதுகும் முறிந்து விட்டால், கூழ் ஊற்றி ஒரு மாதம் இழுத்தடிப்பதை நான் கருணை என்று ஒப்ப மாட்டேன். குணப்படுத்த முடியாத பிராணியைத் தகுதி பெற்ற டாக்டர் மூலம் வலியில்லாமல் முடிக்க விதியே இடம் கொடுக்கிறது.

விதி என்ன சொல்கிறது?

2001-ம் ஆண்டு விதிகளுக்குப் பதிலாக 2023 மார்ச் 10-ந் தேதி புதிய பிராணிகள் கருத்தடை விதிகள் வந்தன. நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. பிராணிகள் நல வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற நிலையத்தில்தான் ஆபரேஷன் நடக்க வேண்டும். கூண்டு, ஆபரேஷன் அறை, பயிற்சி பெற்ற டாக்டர், பிடித்து வரும் வண்டி எல்லாம் வேண்டும். ஆபரேஷனுக்குப் பின் குறைந்தது 4 நாள் வைத்திருந்து, காதில் அடையாளம் வெட்டி, பிடித்த இடத்தில் விட வேண்டும்.

ஒரு மாநகராட்சி இதைச் செய்யலாம். ஒரு கிளார்க், ஒரு பியூன், தண்ணீர் விடும் ஆள் என்று மூன்று பேரை வைத்துக் கொண்டு, மின்சார பில் கட்டவே தவிக்கும் கிராம பஞ்சாயத்து இதை எப்படிச் செய்யும்? சட்டத்தில் பொறுப்பு இருக்கிறது. பெட்டியில் பணம் இல்லை. ஜில்லா பரிஷத்துதான் இதை எடுத்துச் செய்ய வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதன் கீழ்தான் கிராமத்துக் கால்நடை மருந்தகங்கள் பல இருக்கின்றன.

காப்பகம் கட்டச் சொல்வோரும் இருக்கிறார்கள். ஜில்லாத் தலைநகரில் ஒரு காப்பகம் கட்டி, நூறு கிராமத்து நாயையும் அள்ளி வந்து அடைத்தால் என்ன ஆகும்? ஒன்றுக்கு டிஸ்டெம்பர் இருந்தால் போதும், ஒரு மாதத்தில் காப்பகம் மயானம். பிழைத்ததற்குத் தீனி யார் போடுவது? காலியான கிராமத்துக்குப் பக்கத்து ஊர் நாய் வந்து சேரும், ஏனென்றால் செத்த கோழியும் செத்த மாடும் அங்கேயேதான் கிடக்கின்றன. கொன்று தீர்ப்பதும் புதிய யோசனை அல்ல. சென்னை மாநகராட்சி நூறாண்டுக்கு மேல் நாய்களைக் கொன்று பார்த்து, எண்ணிக்கை குறையாததைக் கண்டு 1996-ல் கருத்தடைக்கு மாறியது.

நாட்டில் நடந்து காட்டிய உதாரணம் பக்கத்திலேயே இருக்கிறது. கோவாவில் மாநில சர்க்காரும் ஒரு தொண்டு நிறுவனமும் சேர்ந்து, வலை பிடிக்கும் கோஷ்டிகளைக் கிராமம் கிராமமாக அனுப்பி, ஆண்டுக்கு சுமார் 95 ஆயிரம் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போட்டார்கள். ஒவ்வொரு நாயும் கைப்பேசியில் பதிவானது. நூற்றுக்கு 70 நாய்க்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்து விடும் என்பது கணக்கு. நாய்களிடையே வெறிநோய் 92 சதவீதம் குறைந்தது. 2021-ல் கோவா வெறிநோய் கட்டுப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. இங்கே கவனிக்க வேண்டியது, அவர்கள் முதலில் ஊசிக்குப் போனார்கள், காப்பகத்துக்குப் போகவில்லை. ஊசிக்கு ஒரு நாய் மேல் ஒரு நிமிஷம் போதும். கருத்தடைக்கு ஒரு வாரம் வேண்டும். கருத்தடை வேண்டாம் என்பதல்ல. ஆனால் 10 நாயில் 2 நாய்க்குச் செய்து விட்டு நிறுத்தினால் மிச்சம் 8-ம் ஓர் ஆண்டில் அந்த இடத்தை நிரப்பி விடும். பணம் குறைவாக இருக்கும் ஊரில் முதலில் உயிர் காக்கும் ஊசி, பிறகு கருத்தடை என்பதே நடக்கக் கூடிய வரிசை. கோவா சின்ன மாநிலம் என்று சொல்வார்கள். சோலாப்பூர் ஒரே ஜில்லாதானே!

ஒரு விஷயத்தில் பிராணி நேசர்கள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்ற விதி, சரணாலயத்துக்கு உள்ளே பிடித்த நாய்க்கும் பொருந்துமா? ஊசி போட்ட நாய் மனிதனுக்கு ஆபத்தில்லாத நாய். கானமயில் முட்டைக்கும் வெளிமான் குட்டிக்கும் அது பழைய நாய்தான். ஆஸ்பத்திரி, ரெயில் நிலையத்துக்கு விலக்குக் கொடுத்த கோர்ட்டு, நான்னஜ், ஜெய்சல்மேர், லடாக் போன்ற இடங்களுக்கும் தனியாக யோசிக்க வேண்டும். நாலைந்து டஜன் நாயை வேறிடத்தில் வைத்துப் பராமரிக்க வனத்துறைக்குச் சக்தி உண்டு. ஜில்லா முழுவதையும் அப்படி அடைப்பதற்குத்தான் யாருக்கும் சக்தி இல்லை.

உடனடியாகச் செய்யக் கூடியது ஒன்று இருக்கிறது. 1962 என்ற நம்பருக்குப் போன் செய்தால் கால்நடை வைத்திய வண்டி வீடு தேடி வருகிறது. மத்திய சர்க்கார் திட்டம். லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்று கணக்கு. விவசாயியின் மாட்டுக்கும் ஆட்டுக்கும் உத்தேசித்தது. அந்த வண்டி ஊருக்கு வரும் நாளில், சொந்தக்காரர் இல்லாத நாயானாலும் பஞ்சாயத்துச் செயலாளர் கையெழுத்தின் பேரில் கேஸ் பேப்பர் எழுதலாம், தடுப்பூசி போடலாம் என்று ஒரு சர்க்குலர் போட்டால் போதும். டாக்டர் இருக்கிறார், மருந்து இருக்கிறது, வண்டி இருக்கிறது. காவல் நாய் வைத்திருக்கும் இடையர்களே தங்கள் நாயைப் பிடித்துக் கொடுப்பார்கள். அதிலேயே பாதி நாய் தேறி விடும்.

2030-க்குள் நாயால் வரும் வெறிநோய் மரணமே இருக்கக் கூடாது என்று 2021-ல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டம் வெளியிட்டது. அதற்கு மிச்சமிருக்கும் காலம் கொஞ்சம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம் என்று நகரத்தில் மேடை போட்டுப் பேசுகிறார்கள். அந்த வாரத்திலேயே மாடா, மோஹோள், வடக்கு சோலாப்பூர் தாலுகாக்களில் முகாம் போட்டால் பலன் உண்டு. தீபாவளி கழிந்தால் தன்கர் மந்தைகள் நாய்களோடு கொங்கணம் பக்கம் இறங்கி விடும். மறுபடி மழைக்காலம் தொடங்கும் வரை திரும்பாது.